மூன்று கால் நாய் நின்ற பாதை

முதலாளி அந்தப் புத்தகத்தைக் கத்தியால் அறுத்தபோது நான் பக்கத்தில் நின்று தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். பாரிஸில் பழைய வரைபடங்களும் அச்சுப் படங்களும் விற்கிற கடை அது. படங்களுக்குச் சட்டம் போடுவது என் வேலை. முந்நூறு வருடங்களுக்கு மேல் ஒன்றாகக் கிடந்த புத்தகம். முழுதாக விற்றால் வாங்க ஒருவர்தான் வருவார், தாள் தாளாக விற்றால் வீட்டில் சுவர் உள்ளவர்கள் எல்லோரும் வருவார்கள் என்றார் அவர். முதுகுத் தையலில் கத்தி ஓடிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையை நீட்டி அடுத்த தாளை வாங்கினேன்.

இங்கிலாந்தின் சாலைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட புத்தகம் அது. நாட்டைக் காட்டாது, சாலையை மட்டும் காட்டும். ஒரு தாளில் ஆறேழு நீளப் பட்டைகள். இடது பட்டையின் அடியில் பயணம் தொடங்கும். உச்சிக்குப் போனதும் அடுத்த பட்டையின் அடிக்கு வந்து மறுபடி மேலே போக வேண்டும். மைலுக்கு மைல் எண் உண்டு. வேலி அடைத்த சாலைக்கு முழுக்கோடு, வெளியில் போகிற சாலைக்குப் புள்ளிக்கோடு. ஏறுகிற மலை நிமிர்ந்து நிற்கும், இறங்குகிற மலை தலைகீழாகக் கிடக்கும். சாலை திரும்பினாலும் பட்டை திரும்பாது, திசைகாட்டியைத்தான் திருப்பி வைப்பார்கள். பாலம், காற்றாலை, தேவாலயம், தூக்குமரம் எல்லாம் சாலையை ஒட்டி நின்றால்தான் அவற்றுக்கு இடம். கிளை வழி பிரிந்தால் ஒரு விரற்கடை காட்டி, எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதி, அங்கேயே வெட்டிவிடுவார்கள்.

செம்பு மென்மையானது. ஒரே தகட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கோடுகள் தேய்ந்துவிடும். கடைசியாக அச்சிட்ட தாள்களில் மலைகள் வெறும் அழுக்காகத் தெரியும். அதையும் தங்கச் சட்டத்துக்குள் வைத்து விற்கலாம் என்பது முதலாளியின் கணிப்பு, அது தவறவும் இல்லை.

அந்த நாட்களில், பாரிஸின் புறநகரான பொண்டியில் எங்கள் வீட்டு அறை ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். நாற்பது வயதிருக்கும். கணவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. பத்து வயது மகளை ஊரில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அகதி அட்டை கிடைத்தால்தான் பிள்ளையை இங்கே எடுப்பிக்கலாம். அவளுடைய ஒவ்வொரு நாளும் அந்த அட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், அகதி விண்ணப்பத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுக்கிறவரிடம் அவளை நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். பலசரக்குக் கடை ஒன்றின் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை. இருபது வருடத்துக்கு முன் என் கேஸையும் அதே மேசையில்தான் எழுதினார். எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு தரம் வென்ற கேஸ் எத்தனை தரமும் வெல்லும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் கதையைக் கொண்டுவருவதில்லை, வென்றவரின் கதையைக் கேட்டு வருவார்கள். படகில் இத்தாலிக்கு வந்து மலையால் இறங்கிய தன் வழியை அவள் சொல்லத் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

"உன்ரை வழி புது வழி பிள்ளை. அதாலை வந்து வெண்ட ஆள் இன்னும் இல்லை. நான் தாறதைப் பாடமாக்கு."

நானும் தலையாட்டினேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிழமைக்கணக்கில் பாடமாக்கினாள். அடுத்தவர் கேஸில் என்ன இருக்கிறது என்று கேட்பது எங்களுக்குள் மரியாதை இல்லை, ஆகவே நான் கேட்கவில்லை.

அகதி அலுவலகம் நிராகரித்த கடிதம் வந்தபோது பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னிடம் நீட்டினாள். சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். மாஸ்கோ, லொறி, காட்டு வழி, எல்லைக்கு முன்னால் ஒரு மர ஆலை, அங்கே ஒன்பது நாள், முற்றத்தில் மூன்று கால் வெள்ளை நாய். இதே நாயை வேறு பல விண்ணப்பதாரர்களும் இதே சொற்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆலை சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லையாம்.

வலது பக்கம். எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் பாதை. அந்த நாய்க்கு நான் பாண் போட்டிருக்கிறேன். அது செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அதை இன்னும் ஊரார் கேஸுகளிலெல்லாம் நொண்ட வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிதர்.

ஆனால் நாயோடு இன்னொருவனும் அங்கே இருந்தான். என் வயதுக்காரன், ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரன். ஒன்பதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. எல்லை கடத்துகிற ஏஜென்ட் எங்களை லொறியில் ஏறச் சொன்னான். நான் ஏறினேன். அவன் மரத்தூள் குவியலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கேஸ் எழுதும்போது, அவனைப் போட்டால் தேவையில்லாத கேள்வி வரும், நாயைப் போட்டால் நம்புவார்கள் என்றார் கேஸ் எழுதியவர். நான் சரி என்றேன். அவனுடைய தாய்க்கு, மாஸ்கோவிலேயே பிரிந்துவிட்டோம் என்று கடிதம் எழுதினேன்.

அடுத்த நாள் லா சப்பலுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவருக்கு முகம்கூட மாறவில்லை. உன்ரை வழியாலை எத்தனை குடும்பம் வாழுது தெரியுமா, அது புண்ணியம் தம்பி என்று சொல்லி, தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வெளியே வந்தபோது என் சட்டையிலும் அந்த அரிசி மூட்டை மணம் ஒட்டியிருந்தது.

மேன்முறையீட்டுக்குப் பிடித்த வக்கீல் இரண்டு கேட்டார்: அவள் உண்மையில் வந்த வழி, சின்ன விஷயம்கூட விடாமல்; அதோடு, முதல் சொன்ன வழி யாருடையது என்று அந்த ஆளே எழுதித் தருகிற கடிதம். பாடமாக்கியதும் பட்டதும் கலந்து அவளுக்குச் சொல்ல வரவில்லை. நான் கடையில் கறைபட்டுக் கழித்த பட்டை வரைபடத் தாள் ஒன்றையும், சட்டத்துக்கு வெட்டி மிஞ்சிய மட்டைத் துண்டுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அடியிலிருந்து மேலே வரையும் என்று காட்டினேன்.

தலைகீழ் மலையை அவள் ஏற்கவில்லை. இறங்கினாலும் மலை மலைதானே அண்ணை என்று நிமிர்த்தியே வரைந்தாள். படகு, முட்கம்பி, தண்ணீர் தந்த கிழவரின் வீடு இடது பக்கம். பட்டை போதாமல் ஓரத்திலும் எழுதினாள். கடலில் விழுந்த பெண்ணின் ஒற்றைச் செருப்பை ஒரு ஓரத்தில் வரைந்து, அவளுடைய ஊரையும் எழுதினாள். அது உம்மடை பாதையில் இல்லையே என்றேன். நான் பாத்தனான்தானே என்றாள்.

நான் கடிதம் எழுதினேன். மர ஆலை, வலது பக்கம், ஒன்பது நாள், நாய், எல்லாம் என்னுடையவை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவனை எழுதவில்லை. வக்கீல் கேட்டது அது அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பேனாவைப் பிடித்த கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அவளுக்கு அட்டை கிடைத்தது. தீர்ப்பு வந்த கிழமை, மகளுக்கு அனுப்பச் சாமான் வாங்க இருவரும் லா சப்பலுக்குப் போனோம். கேஸ் எழுதுகிறவர் கடை வாசலிலேயே நின்றார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. வாயெல்லாம் பல்லாக, அந்த மட்டைகளின் கொப்பி ஒன்று தா பிள்ளை, அது இப்ப வெண்ட வழி என்றார். காறித் துப்பலாம் என்று எனக்கு வந்தது. துப்பாமல் எச்சிலை விழுங்கினேன். அவள்தான் அவரை நேரே பார்த்தாள்.

"அதுக்குள்ளை கடலிலை செத்த பிள்ளை ஒண்டு இருக்கு. அவளை நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

பொண்டிக்குத் திரும்புகிற ரயிலில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, எத்தனை தரம் அந்த நாயைப் பாடமாக்கியிருப்பன் அண்ணை, அது உண்மையிலேயே இருந்ததா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"அந்த ஆலையிலை நாயைத் தவிர வேறை ஆர் இருந்தவை அண்ணை?"

ஒருவரும் இல்லை என்றேன்.