எட்டு இல்லாத வரிசை

மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே ஒருவருடைய கையை நசுக்கப் பார்த்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. "செவ்வாயில யாராவது வேலைக்குச் சேருவாங்களா? நாளைக்கு வரக்கூடாதாம்மா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் முதலாளி கையெழுத்து வாங்கினார். பழைய எலெக்ட்ரீஷியன் நின்றுவிட்டதால் அவருக்கு வேறு வழியில்லை.

மதியம் மூன்று மணிக்கு மேல் ஒன்பதாம் நம்பர் மெஷின் மக்கர் செய்தது. மோல்டு பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டது. நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருந்தது. "ஒம்போதை ஆஃப் பண்ணிட்டு வாம்மா" என்றார் ஃபிட்டர் செல்வம் அண்ணன். பேனல் ரூமில் 9 என்று எழுதியிருந்த ஸ்விட்சை இறக்கிவிட்டு வந்து, "பண்ணிட்டேண்ணே" என்றேன். மற்ற மெஷின்களின் இரைச்சலில் எது ஓடுகிறது, எது நின்றது என்று தெரியாது. அவர் கம்பியோடு கையை உள்ளே விட்டார்.

பக்கத்துப் பத்தாம் நம்பரில் நின்ற கலையரசி, "யாருப்பா என் மெஷினை நிறுத்துனது?" என்று சத்தம் போட்டாள். செல்வம் அண்ணன் வெடுக்கென்று கையை இழுத்தார். அடுத்த நொடி மோல்டு மூடிக்கொண்டது. பிறகு எடுத்துப் பார்த்தால் கம்பி தகடாகியிருந்தது.

நடந்தது இதுதான். முதலாளிக்கு எட்டு ஆகாது என்று ஜோசியர் சொன்னாராம். அதனால் ஏழுக்கு அடுத்த மெஷினுக்கு நேராக ஒன்பது என்று பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பேனல் செய்து கொடுத்தவனுக்கு அந்த ஜோசியரைத் தெரியாது. அவன் ஒழுங்காக எண்ணியிருந்தான். ஆக, ஒன்பதாம் மெஷினுக்குக் கரண்ட் எட்டாம் ஸ்விட்சிலிருந்து. நான் இறக்கிய ஒன்பது, கலையரசியின் பத்தாம் மெஷினுடையது. ஏழுக்கு மேல் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. டெஸ்டர் வைத்துப் பார்க்காதது என் தப்பு. அதை யார் தலையிலும் கட்டமாட்டேன்.

முதலாளி ஓடிவந்தார். "செவ்வாக்கெழம சேக்காதன்னு மனசு அடிச்சுக்கிச்சு. எட்டுன்னு நம்பர் இல்லாததாலதான் கையாவது தப்பிச்சுது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கலையரசி கத்துனதால தப்பிச்சுது சார். நம்பரை மாத்துங்க. மாத்தாம நான் பேனலைத் தொடமாட்டேன்."

"நாளைக்கு அஷ்டமி, அதுக்கு மறுநாள் நவமி. வெள்ளிக்கெழம பாக்கலாம்."

"அதுவரைக்கும் யார் கை சார் உள்ள போவும்? பெயிண்ட் எங்க இருக்கு?"

"இப்ப ராகுகாலம்மா!"

"தெரியும் சார்."

"நம்பர்ல கைய வெச்ச, நாளையிலேர்ந்து வராத."

எனக்கு அந்தச் சம்பளம் ரொம்பத் தேவை. ஆனாலும் நகரவில்லை. செல்வம் அண்ணன்தான் போய் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "அவ போனா நானும் போறேன் சார். கை என்னுது."

முதலாளி ஆபீசுக்குள் போய்விட்டார். ஒன்பதை அழித்து எட்டு எழுதினேன். பத்தை ஒன்பதாக்கினேன். அப்படியே கடைசிவரை.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் விட்டுப்போன நம்பர் ஏதாவது உண்டா என்று முதலில் கேளுங்கள். கேட்டாலும் டெஸ்டரைத்தான் நம்புங்கள்.

மறுநாள், அஷ்டமியன்று, அதே மெஷின் மறுபடியும் சிக்கியது. எட்டாம் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸைக் கழற்றி, மெஷினிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். "இப்ப எப்படிம்மா?" என்றார் செல்வம் அண்ணன். கையிலிருந்த ஃபியூஸைக் காட்டினேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார்.