மண்டபம் முகாமில் யாருக்குக் காய்ச்சல்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது உம்மா என்னையும் எனக்கு மூத்தவளான ராத்தாவையும் கூட்டிக்கொண்டு கீழக்கரையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டார். வாப்பாவுக்கு அங்கே கடை. இனி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அக்கரைக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் வைத்து, நோய்நொடி இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பலேற விடுவார்கள். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். என் வாயில் வைத்த கண்ணாடிக் குழாயை எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

அதன்பிறகு வாப்பா எங்களைக் கூப்பிடவேயில்லை. இரண்டு வருஷத்தில் அங்கேயே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். என் உடம்பு சுட்டதால்தான் உம்மா தனியாகிப் போனார் என்று நம்பியே வளர்ந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்தபோது அவள் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஒரு மத்தியானம் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. ஈரத்துணியோடு தொட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தேன். இதற்கா இப்படிப் பதறுகிறாய் என்று ராத்தா கேட்டாள். அன்றைக்கு என் காய்ச்சலால்தானே எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

“ஒனக்கு ஏது காய்ச்சல்? நீ வேலியோரம் விளையாடிக்கிட்டு இருந்தே. உம்மாதான் டாக்டர்கிட்டப் போயி, எங்களை ஊருக்கே அனுப்பிருங்கன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

காரணம் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின நாள் முகாமில், கொழும்பிலிருந்து திரும்பிய பெண்ணொருத்தி உம்மாவிடம் வெகுநேரம் பேசினாளாம்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு, உம்மாவிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முகாமில் காய்ச்சல் யாருக்கு என்று கேட்டேன். கையிலிருந்த முறம் நிற்கவில்லை.

“காய்ச்சல் வந்தது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைக, என்ன தெரியும்?”

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார். உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. டாக்டரின் உதடு இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் அவர் குனிந்து பார்த்தது என்னையா, பக்கத்துப் பாயில் கிடந்த உம்மாவையா என்று உம்மா முன்னால் நின்றபோதே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷம் சுமந்த குற்றம் என்னுடையதில்லை என்றால் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நான் திரும்பி வந்தபோது ராத்தா தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். உம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்” என்றேன்.