டைரக்டர் பிடித்த திருடி

போனில் ஓடிபி கேட்ட அந்தப் பெண் திருடி என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, அவளைப் பிடித்துவிட்டதாக போடி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

நான் ஒரு கம்பெனி டைரக்டர். சிரிக்காதீர்கள். மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பச்சைக்காய் உலர்த்தச் சொந்தமாக ஒரு டிரையர் வாங்குவதற்காக ஆரம்பித்த கம்பெனி. பறித்த காயை உடனே உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். ஏலம் விடுகிற மையத்தில் மாதிரியைக் கையில் கொட்டிப் பார்க்கிற வியாபாரி தட்டைத் தள்ளிவிட்டுப் போவான். சொந்த டிரையர் இல்லாததால், காய் உலர்த்துகிற அடுத்தவர் ஸ்டோரில் எங்கள் முறை வரும்வரை மூட்டையோடு காத்துக் கிடந்தோம். டைரக்டர்கள் நானும் என் மச்சினனும். அவன் கணக்குப் பார்ப்பான், நான் வாய் பார்ப்பேன். பேங்கில் டிரையர் கடன் கிடைக்கிற நேரம்.

டைரக்டராக இருப்பவனுக்கு அரசாங்கம் ஒரு நம்பர் கொடுக்கும். அது செல்லுபடியாக, தான் இன்னும் அதே ஆள்தான் என்று அவன் அரசாங்கத்திடம் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். தன் போனுக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் அவன் அவன். ஆடிட்டர் இதைச் சொன்னபோது பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினேன். அவருடைய ஆபீசில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருப்பதை அவர் சொல்லவில்லை.

"சார், உங்க டைரக்டர் கேஒய்சிக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்றீங்களா?"

என் ஜீப்பு நம்பரைச் சொன்னேன்.

"தப்புன்னு வருது சார்."

போடியின் பின்கோடைச் சொன்னேன்.

"இதுவும் தப்பு சார். இன்னைக்குத்தான் கடைசி நாளு."

"கடைசி நாளு ஒனக்குத்தான் ஆத்தா. போலீசு கெளம்பிருச்சு, வெரசா ஓடிரு!"

டீக்கடையில் இதை நடித்தே காட்டினேன். கைதட்டல் அடங்கியதும் ஒருவர், "அண்ணே, அந்தக் கும்பலு விடாது. போலீசு உடுப்புல வீடியோ காலு போட்டு, அரெஸ்டுன்னு மெரட்டுவாய்ங்க" என்றார். வீரம் அங்கேயே இறங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி, போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறிவிட்டேன். அங்கே டவரே கிடையாது. கையோடு கொண்டுபோயிருந்தாலும் ஒரு கால் வந்திருக்காது. அது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி ஏலச்செடி அசைந்ததற்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் மச்சினன் மேலே வந்தான்.

"மச்சான், நீங்க புடிச்ச திருடி ஆடிட்டர் ஆபீசு புள்ள. நேத்தோட உங்க டைரக்டர் நம்பரு செத்துப்போச்சு. அபராதம் கட்டுனாத்தான் திரும்ப வருமாம்."

"நான் உசிரோடதான மாப்ளே இருக்கேன்?"

"பேங்குல அப்படிக் காட்டலையாம்."

வந்தது பாருங்கள் கோபம். என் பெண்டாட்டிக்கு போன் போட்டால்கூட அவளுக்கு முன்னால் ஒரு குரல் வந்து, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்கிறது. சொல்லாமல் இருந்தேன். அதற்கு அபராதமா? சொல்லாதே என்பதும் அவர்கள்தான், ஏன் சொல்லவில்லை என்பதும் அவர்கள்தான். கீழே இறங்கி நேராக பேங்குக்குப் போனேன்.

"சார், நான் யாரு?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் சார். இதென்ன கேள்வி?"

"அப்பறம் என்ன?"

"சிஸ்டத்துல வரணும்ல."

ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டு முறுக்கைத் தின்கிற மனிதர். அவர் முகத்துக்கு முன்னால் நிற்கிற நான் போதாது. எங்கேயோ இருக்கிற பெட்டி நான் நான்தான் என்று சொல்ல வேண்டும். மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கை வலித்தது. கடன் அசையவில்லை.

அதே கோபத்தோடு வீட்டில் அரிசி டின்னைக் கிளறி போனை எடுத்துக்கொண்டு, ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். ஒரு பெண் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னால் அவள் வாங்கிய திட்டு இன்னும் முகத்தில் இருந்தது. அவள் எதையோ தட்டியதும் என் போன் பீப் என்றது. வந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம் சார்," என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே அடிச்சிருங்க."

அடித்தேன். அபராதம் கட்டியதும் என் நம்பருக்கு உயிர் வந்தது. அதற்குள் பேங்க் எங்கள் ஃபைலைத் திருப்பி அனுப்பியிருந்தது, முதலிலிருந்து விண்ணப்பித்தோம். டிரையர் மாசியில் வந்து இறங்கியபோது பறிப்பு முடிந்திருந்தது. அந்த வருடக் காய் முழுவதும் அடுத்தவர் ஸ்டோரில்தான் உலர்ந்தது.