பேசியது பேசியபடி: ஒரு சபைக் குறிப்பின் கதை

இந்த விவகாரம் தொடங்குமுன் பதுளையில் என் நிலை என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வந்தவர்கள் அதைப் பலவாறு குறைத்துப் பேசியிருக்கிறார்கள். நான் கண்டியில் ஆங்கிலக் கல்லூரியில் படித்துத் தேறியவன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினோராண்டு தலைமைக் கிளாக்கராக இருந்தேன். துரை அனுப்பிய கடிதங்களில் கையொப்பம் மட்டுமே அவருடையது. மற்றதெல்லாம் நான் எழுதியது. உத்தியோகத்தை விட்டு நகரத்துக்கு வந்த பிறகு, கடைவீதி வர்த்தகர்கள் நடத்திய கோயிற்சபை என்னை வீடு தேடி வந்து காரியதரிசியாக்கியது. ஊவா மாகாணத்தை ஆளப் புதிதாக அரசாங்க ஏஜண்டுத் துரை வரும்போதெல்லாம் சபையின் வரவேற்புப் பத்திரத்தை எழுதுவதும் மேடையேறி வாசிப்பதும் என் உரிமையாக இருந்தன. இரண்டு துரைமாருக்கு வாசித்திருந்தேன். மூன்றாமவர் வருகிறார் என்ற செய்தி கிடைத்தபோதும் நானே வாசிப்பேன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. புதிய துரை அங்கே இறங்கி வண்டியில் பதுளைக்கு வருவார். அவருடைய அலுவலகமான கச்சேரியின் வாசலில் பந்தல் போட்டு வரவேற்க வேண்டும். அதற்காகக் கூடிய முதற்கூட்டத்தில் என் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு வரிதான் முடிந்திருந்தது. ஜவுளிக்கடை முதலாளி கையைத் தூக்கினார். அவர் சபையின் உபதலைவர். தோட்டத்துத் துரைமாருக்குக் கம்பளி விற்றுப் பெரிய ஆளானவர்.

"கிளாக்கரய்யா, கொஞ்சம் நிறுத்துங்க. 'சபையோராகிய எங்களால் தங்களுக்கு வணக்கம் செலுத்தப்படுகிறது'ன்னு எழுதியிருக்கீங்க. ஏங்க, 'கும்புடுறோம்'னு சொன்னா கை சுளுக்கிக்குமா?"

சபை சிரித்தது. அவர் விடவில்லை.

"அடுத்த வரி, 'இது எங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான நாளாக இருக்கிறது.' நாள் எங்கங்க இருக்குது, பக்கத்து வீட்டுலயா? தமிழுக்குக் கால்சட்டைய மாட்டி, தொப்பியும் வெச்சு விட்டுட்டாரு. துரை பாத்தா எந்திரிச்சு வந்து கைகுலுக்கிருவாரு!"

தலைவர், அரிசி மண்டிக்காரர், வயதானவர். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்கப்பா, படிச்ச மனுசன்" என்றார். முதலாளியின் பரிகாசத்தைவிட அந்த இரக்கம் என்னை அதிகமாகச் சுட்டது.

இம்முறை முதலாளியே "நம்ம தமிழில்" பத்திரம் எழுதி வாசிப்பது என்று முடிவாயிற்று. கலையும்போது அவர் என் தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க குறிப்பு எழுதுனாப் போதும். நாங்க பேசுறதப் பேசுனது பேசுனபடி எழுதுங்க. அழகுபடுத்த வேணாம்."

"அப்படியே ஆகட்டுங்க" என்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் சுட்டிய குறைகள் உண்மையானவை. முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு தமிழாக்குவது என் வழக்கம். பதினோராண்டுக் கடிதப் பழக்கத்தில் செய்தவனை மறைத்துச் செய்கையை மட்டும் முன்னே நிறுத்தும் அந்த ஆங்கில நடை என் கையில் ஊறிவிட்டிருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

எங்கள் சபையில் குறிப்பு எழுதும் முறை இது. கூட்டத்தில் அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். காரியதரிசி அதைச் சீர்செய்து குறிப்பேட்டில் ஏற்றி, அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிப்பார். பேசியவர் எழுந்து "சரி" என்று சொல்லித் தம் பேச்சுக்கு எதிரே கையொப்பமிட வேண்டும். ஆறாண்டுகளாக முதலாளியின் பேச்சையெல்லாம் நானே கழுவித் துடைத்து எழுதி வந்தேன். வாசிக்கும்போது தாமே அவ்வளவு ஒழுங்காகப் பேசியதாக நினைத்துத் தலையை ஆட்டுவார்.

அடுத்த கூட்டத்தில் நான் கழுவவில்லை. முதலாளி கம்பளி விற்கப் பங்களா பங்களாவாக ஏறி இறங்கி, துரைமாரின் பேச்சை அவர்களுடைய சமையல்காரர்கள் வாயிலாகத் தமிழில் கேட்டுக் கேட்டு, அவர் நாக்கில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். என் கையில் ஆங்கிலம் படித்து ஏறியது; அவர் நாக்கில் படிக்காமலே ஏறியிருந்தது. அப்படி ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து விழும்போதெல்லாம் நான் பேனாவை நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஒரு வார்த்தை தவறிடக் கூடாது பாருங்க."

அவர் மகிழ்ந்து, முன்னிலும் உரக்கச் சொன்னார். தலைவர் காதிலும் ஒவ்வொன்றும் இருமுறை விழுந்தது. அதைத்தான் நான் விரும்பினேன்.

குறிப்பை வாசிக்க வேண்டிய கூட்டத்துக்குத் தோட்டங்களிலிருந்து ஐந்து பெரிய கங்காணிகளும் வந்திருந்தார்கள். வரவேற்பு ஊர்வலத்துக்கு ஆட்களைத் திரட்டுகிறவர்கள் என்பதால் முதலாளியே அவர்களை அழைத்திருந்தார். நான் எழுந்தேன். பத்திரம் வாசிப்பதற்குரிய நிதானத்தோடு குறிப்பை வாசித்தேன்.

"உபதலைவர் சொன்னது: 'நான் பயப்படுறேன், பந்தல்காரன் வெள்ளிக்கெழமைக்குள்ள வரமாட்டான்.'"

எல்ல என்ற ஊர்ப் பக்கத்துக் கங்காணி ஒருவர் தலையை நிமிர்த்தினார். "பந்தல்காரனுக்கு எதுக்குங்க பயப்படுறீங்க? ஆளு அம்புட்டு முரடனா?"

"உபதலைவர் மேலும் சொன்னது: 'வரவேற்பு கச்சேரி வாசல்ல எடம் எடுக்கும்.'"

"எம்புட்டு எடமுங்க? நம்ம ஆளுங்க நிக்கக் கொஞ்சம் மிச்சம் வைக்குமா?"

சிரிப்பு தொடங்கிவிட்டது. நான் சிரிக்கவில்லை, அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை வாசித்தேன்.

"'தலைவரோட யோசனை ஒரு ரொம்ப நல்ல ஒண்ணா இருக்கு. நான் அதோட போறேன்.'"

"போயிட்டு எப்ப வருவீங்க?" என்றார் அதே கங்காணி. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முதலாளி, துரைமாருக்குக் கம்பளி வித்தீங்க. பதிலுக்கு அவுங்க உங்களுக்கு இங்கிலீசப் போத்தி விட்டுட்டாங்களே!" என்றார்.

தலைவர் அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அதேபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அளவு குறையாமல் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததைக் கண்டேன்.

முதலாளி எழுந்துவிட்டார். "நான் இப்படிப் பேசவே இல்ல! இவரு சேத்துக்கிட்டாரு!"

குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேனாவை மையில் தொட்டு அதன்மேல் வைத்தேன். "எந்த வார்த்தைன்னு காட்டுங்க. உங்க எதிர்லயே அடிச்சிடுறேன்."

"இல்லப்பா, ரெண்டு ரெண்டு தடவ சொன்னியே. நானே காதால கேட்டேன்" என்றார் தலைவர்.

வேறு வழியில்லாமல் முதலாளி கையொப்பமிட்டார். பேனா முனை தாளைக் கிழித்தது; அந்தக் கிழிசல் இன்றும் குறிப்பேட்டில் இருக்கிறது. உட்கார்ந்த பிறகு, யார் முகத்தையும் பாராமல், "பத்திர வாசிப்பக் கிளாக்கரய்யாவே பாத்துக்கட்டும்" என்றார். "அதையும் பேசுனது பேசுனபடி எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டேன்.

குறித்த நாளில் பந்தலில் நானே வாசித்தேன். என் பழைய பத்திரந்தான். முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றியிருந்தேன்: "பதுளைச் சபையோர் நாங்கள் தங்களைக் கும்பிடுகிறோம்." அது அவர் எனக்குச் சொல்லித் தந்த திருத்தம். அவரிடம் அனுமதி கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் தாளிலிருந்து கண்ணெடுத்து அவரைப் பார்த்தேன். கூட்டம் கைதட்டியது. கைதட்டாமல் இருந்தால் எல்லோரும் கவனிப்பார்கள் என்பதால் அவரும் தட்டினார்.

இப்போது அவர் இல்லை. அவர் பிள்ளைகள், அன்று தகப்பனாருக்குக் கடுங்காய்ச்சல் என்றும், அதனால்தான் வாசிப்பு என் கைக்கு வந்தது என்றும், அவர் பந்தலுக்கே வரவில்லை என்றும் கடைவீதியில் சொல்லி வருகிறார்கள். அவருக்குக் காய்ச்சல் இல்லை. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பத்திரம் வாசித்து முடியும்வரை இருந்தார்.