பொருந்திய வால்வு

போன தை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் என் தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. எங்களுக்கு ஊர் இராஜபாளையம். அங்கே பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிப்பேன்.

அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. முன்பு மேகாலயாவில் இருந்தபோது ஆசையாக வாங்கிவந்த, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருந்தான். பழைய ரேடியோவில் இருப்பதுபோல உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். அவை சூடேறிச் சிவந்த பிறகுதான் சத்தமே வரும். சாயங்காலம் அவன் வீடியோ காலில் வரும்போது, தங்கைக்குப் பிடித்த பாட்டை அந்த ஆம்பில் நான் வாசிக்க வேண்டும் என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். அவன் இருக்கும் மலையில் கொஞ்ச நேரம்தான் டவர் கிடைக்கும்.

மாப்பிள்ளை வீட்டில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பொண்ணுக்கு அக்கா மேடையில நின்னு கிட்டார் அடிக்கணுமாக்கும்" என்று ஓர் அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. விழாததுபோல இருந்துவிட்டேன்.

லோடு ஆட்டோவில் வந்த ஆம்பை மேடையில் இறக்கிப் பின்பக்கம் பார்த்தேன். இரண்டு பெரிய வால்வுகளில் ஒன்றில் கீறல். உச்சியில் வெள்ளிபோல மின்ன வேண்டிய இடம் பால்போல வெளுத்திருந்தது. காற்று உள்ளே புகுந்துவிட்டது, அது இனி எரியாது. நல்லவேளையாக அண்ணனின் உதிரி டப்பாவையும் கொண்டுவந்திருந்தேன். அதில் இரண்டு வால்வுகள் இருந்தன. அளவில் கொஞ்சம் பெரியவை. ஆனால் அடியில் அதே எட்டுக் கால்கள். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதால் பழைய இரண்டையும் உருவிவிட்டு அவற்றை வைத்து அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. பிளக்கைச் சொருகிவிட்டு சுவிட்சில் விரல் வைத்தேன்.

"அக்கா, செத்த நேரம் பொறுங்க. சுவிட்சப் போடாதீங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் மேடைக்கு ஓடி வந்தார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன், செட்டியார்பட்டிக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வாசிக்க விடாமல் செய்யத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, "எங்க அண்ணன் ஆம்பு இது. உங்க வேலையப் பாருங்க தம்பி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு நான் உருவி வைத்த வால்வையும் புதிதாக வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடியில் அச்சடித்திருந்த எண்கள் வேறு வேறு.

"நீங்க பெருசா ஒண்ண மாத்துறதக் கீழ இருந்து பாத்தேன். கால் பொருந்துச்சுன்னா கரண்டும் பொருந்தும்னு இல்லக்கா. சூடேறவே இது பழச விட மூணு மடங்கு இழுக்கும். உள்ள இருக்க டிரான்ஸ்பார்மர் தாங்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். குரலில் கோபம் போகவில்லை.

"நான் எரிச்சிருக்கேன். கச்சேரி நடுவுல புகஞ்சு, மேடைத் துணியில தீ பத்திருச்சு. நல்லவேளை ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்குப் பொறவு நான் மேடை ஏறல. பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் குடுக்குறதோட சரி."

எனக்குப் பின்னால் பூச்சரமும் பட்டுத்துணியுமாக மேடை அலங்காரம். அதற்கு முன்னால் தங்கை பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஆம்பை விட்டு விலகி நின்றேன். "பெட்டியக் கழட்டியும் பாக்காதீங்க, பிளக்கப் பிடுங்குனாலும் உள்ள கரண்டு தங்கிக் கெடக்கும்" என்று அவர் சொன்னதுகூடப் பாதிதான் காதில் ஏறியது.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா மேடையருகே வந்து, என்ன தாமதம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர், "எம் மேலதான் தப்பு பெரியப்பா. அவிய கூட நானும் வாசிக்கலாமான்னு கேட்டேன். கீபோர்டு வண்டியில கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்றார்.

சொன்னபடியே கீபோர்டையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் தூக்கி வந்தார். கிட்டாரை அந்த ஸ்பீக்கரில் சேர்த்தோம். கீபோர்டுக்கு மண்டபத்து மைக் செட். அண்ணன் வீடியோ காலில் வந்ததும் வாசிக்கத் தொடங்கினோம். முதல் சரணத்தில் அவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். பிறகு சரியாகிவிட்டது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

பாட்டு முடிந்ததும் போனில் அண்ணன், "ஏட்டி, நம்ம ஆம்பு சத்தம் இது இல்லையே" என்றான். நடந்ததைச் சொன்னேன். "அந்த டப்பால கெடந்தது வேற ஆம்புக்கு வாங்குனது. உங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்" என்றான். கீபோர்டு வாசித்தவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றேன்.

தன் வாழ்க்கையில் மறைத்து வைக்கத் தோன்றும் ஒரு நாளை, முன்பின் தெரியாத என்னிடம் அவர் சட்டென்று எடுத்துச் சொன்னார். நான் பட்ட அடிகளில் ஒன்றையாவது அப்படிச் சொல்லி யாரையாவது காப்பாற்றியிருக்கிறேனா என்று, அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.