அப்பா கேட்ட மஞ்சள் விளக்கு

அப்பா இருபத்தாறு வருடம் பேக்கரி வேன் ஓட்டினார். விடியற்காலையில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரைச் சாலை வழியாகப் பதினான்கு கடைகளுக்குப் போவார். குளிர்காலம் முழுக்க அங்கே மூடுபனி. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, சாலையோர வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடி ஊர்ந்து போவார். பேக்கரியில் அவருக்குப் பெயர் நத்தை. வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வருடம்தான் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

"கோடு சரியாத் தெரியலம்மா. ரெண்டு மஞ்ச லைட்டு வாங்கிக் குடு. பம்பருக்குக் கீழ மாட்டணும். தூரமெல்லாம் வேணாம், கோடு தெரிஞ்சா போதும்."

நான் மின்பொறியியல் படித்தவள். "மஞ்சள்னா பனியைக் கிழிக்கும்ங்கிறது சும்மா கதைப்பா" என்றேன். நிறத்தைப் பற்றி நான் சொன்னது சரி. அதோடு சேர்த்து அவர் சொன்ன மற்றதையும் ஒதுக்கிவிட்டேன். அவர் கேட்ட பனிவிளக்கின் ஒளி தாழ்வாக, அகலமாக விழும், மேலே ஏறாது. நான் வாங்கியது நேராக நெடுந்தூரம் பாயும் வெள்ளை டிரைவிங் லைட். அட்டையில் முந்நூறு மீட்டர் என்று போட்டிருந்தது. பனியில் அந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டு, ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வரும். இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கடையில் அந்த முந்நூறை மட்டும்தான் பார்த்தேன்.

"நத்தைக்குக் கொம்புல பல்பு முளைச்சிருச்சு டோய்!" பேக்கரியே சிரித்ததாம்.

"எம்பொண்ணு செலக்‌ஷன்டா. உங்க வீட்டுல இருக்கா இப்படி ஒண்ணு?" என்றாராம் அப்பா.

மூன்றாவது வாரம், பனியில், வேன் பாலத்துச் சுவரில் மோதியது. அப்பா அங்கேயே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, வேன் நிற்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். விளக்கை மாட்டிய எலக்ட்ரீஷியன் எழுந்து வந்தார்.

"நீங்களா எதையும் நினைச்சுக்காதீங்கம்மா. பனியில அதப் போடாதீங்கண்ணேன்னு நான் அப்பவே சொன்னேன். கழட்டிடவான்னுகூடக் கேட்டேன்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"'புள்ள முகம் வாடிடும், இருக்கட்டும். பனின்னா அணைச்சுக்கிறேன்'னாரு. அணைச்சிருப்பாரும்மா."

ஸ்விட்ச் நொறுங்கிப் போயிருந்தது. பல்புகளைக் கழற்றினோம். அணைந்திருந்த பல்பின் இழை மோதலில் பட்டென்று ஒடியும். எரிந்துகொண்டிருந்தது என்றால் சூட்டில் நீண்டு வளையும். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் இழை நீண்டு துவண்டிருந்தது. ஏன் போட்டார் என்பதை இழை சொல்லாது.

எலக்ட்ரீஷியன் பல்புகளைத் துணியில் சுற்றித் தந்தார். "டீ சொல்லவா?" என்றார்.

வீட்டில் அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"லைட்டு எரிஞ்சிட்டு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சும்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை. கண்ணு தெரியாம தவிச்சிருப்பாரோன்னு நினைச்சு நினைச்சுத் தூக்கமே இல்ல. உன் லைட்டுல எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

பல்புகள் என் கைப்பையில் இருந்தன. நான் தலையாட்டினேன்.