எல்லோருக்கும் என் நம்பர்

புதுத் தகரத்துக்கு ஒரு மணம் உண்டு. வெயிலில் சுட்ட இரும்பும் எண்ணெயும் கலந்த மணம்... லொறியிலிருந்து இறக்கும்போது அது போடும் சத்தத்தில் மன்னார்க் கழுதைகள் நாலு திசைக்கும் ஓடும்.

மீள்குடியேற்றக் காலம். சண்டை முடிந்து, தீவுக்கு அப்பால் பெருநிலத்துக்குத் திரும்பிய சனம் கூரைக்கு முதலில் வாங்கியது என் கடைத் தகரத்தைத்தான். ஒரே நாளில் ஆயிரம் தகரம் விற்றிருக்கிறேன். சரி, அறுநூறு என்று வையுங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ஆனாலும் மன்னாரில் ஹார்ட்வெயார் கடைக்குள் முதன்முதலில் கொம்பியூட்டர் வைத்தவன் நான்தான். இல்லை என்பவர்கள் இதற்குக் கீழே கொமண்டில் வரலாம்.

அதற்கு சொஃப்ட்வெயார் எழுதித் தந்தவள் நிர்மலா. சொந்த ஊர் இலுப்பைக்கடவை. அப்போது மன்னார்த் தீவிலேயே, தாராபுரத்தில் வாடகைக்கு இருந்து கொம்பியூட்டர் வகுப்பு எடுத்தாள். வாசலுக்கு அளந்து செய்த கதவு மாதிரி, எங்கள் கடைக்கென்றே செய்து தந்தாள். பெயர், சாமான், விலை... அதற்குக் கீழே ஊரும் உறவும் எழுத ஒரு நீளப் பெட்டி: "எந்த ஊர்? ஆற்றை ஆள்?"

"இதேன் தங்கச்சி? தகரம் விக்கிற கடையிலை கலியாணமே பேசப் போறம்?"

"நீங்கள் வாயாலை கேக்கிறதைத்தானே அண்ணை போட்டிருக்கிறன். இதைக் கேக்காமல் ஆருக்காவது ஒரு ஆணி குடுத்திருக்கிறியளே?"

உண்மைதான். முசலிப் பக்கத்து அக்கா ஒருத்தி பூட்டு வாங்க வந்து, சித்தி குடும்பம் உயிரோடு திரும்பிவிட்டதை அந்தத் திரையில்தான் கண்டாள். பூட்டை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

நிர்மலாவும் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தாள். சண்டையின் கடைசி நாட்களில் சனத்துக்குள் கைநழுவிப்போன தம்பி. அவனுடைய படம் ஒன்றை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். பின்னேரங்களில் வந்து, அன்று பதிந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பெட்டியை எதற்காகச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்...

கரண்ட் போனால் அவளுடைய சொஃப்ட்வெயார் படுத்துவிடும். அவள் சைக்கிளில் வந்துதான் எழுப்பவேண்டும். அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார்.

"ஐயா, இது ரெடிமேட். வெளிநாட்டில எல்லாம் ஓடுது. உங்க ரேஞ்சுக்கு இதுதான் சரி."

என் ரேஞ்ச்! அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். நிர்மலாவைக் கேட்காமலே பழையதை அழிக்கச் சொன்னேன்.

அவள் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதிலை ஊர் எழுத இடமிருக்கே அண்ணை?"

"எல்லாம் இருக்குப் பிள்ளை" என்றேன். நான் பார்க்கவேயில்லை.

ஊருக்கு இடமில்லை. டெலிபோன் நம்பருக்கு இருந்தது. அதை நிரப்பாவிட்டால் பில் வராது. சனத்தில் பாதிப்பேரிடம் போன் ஏது? நான் விடுவேனா... வந்த எல்லாருக்கும் என் நம்பரையே அடித்தேன். "இந்த மூளை கொழும்பானுக்கு வருமே?" என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

சில மாதம் போனது. ஒரு மத்தியானம், கதவுக்குப் பிணைச்சல் வாங்க வந்த ஒருவர் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டே கண்ணாடிக்குக் கீழிருந்த படத்தில் விரல் வைத்தார்.

"இந்தத் தம்பியை எனக்குத் தெரியுமே. கடைசியா எங்களோடைதான் நிண்டவர்."

"இருங்கோ, இருங்கோ, அவற்றை அக்காவைக் கூப்பிடுறன்."

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. "வாற கிழமை வாறன் அண்ணை" என்று பிணைச்சலோடு ஓடி ஏறிவிட்டார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. ஆள்தான் மெஷினுக்குள் இருக்கிறாரே என்ற திமிர்.

வகுப்பு நேரம், நிர்மலா போனை எடுக்கவில்லை; ஆள் அனுப்பினேன். நிர்மலா சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். நானும் பெருமையாகத் தேடிக் காட்டினேன். குமார். பிணைச்சல் ஆறு. கீழே ஒரு நம்பர்.

நான் வாய் திறக்க முன்னம் அவள் அந்த நம்பரைத் தன் போனில் அடித்துவிட்டாள். காதில் வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்து நின்றாள்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"அண்ணை, உங்கடை போன் அடிக்குது. எடுங்கோவன். நான் இதிலை கதைக்கிறன்..."

நான் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் மெல்லத் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

மேசைக் கண்ணாடியைத் தூக்கி, படத்தை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போனாள்.

வாற கிழமை குமார் வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. மோட்டார்சைக்கிளில் இலுப்பைக்கடவை வரைக்கும் போய் எத்தனையோ குமாரைக் கண்டேன். என் குமார் அதில் இல்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நிர்மலா வவுனியாவுக்குப் போய், பிறகு வெளிநாடு போய்விட்டாள்.

இப்போது கடையை மகன் பார்க்கிறான். பில் போனுக்கே பறந்து போகிறது. வேண்டிய பெட்டியெல்லாம் நாங்களே சேர்க்கலாமாம். ஆனால் எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் மட்டும் நம்பரை மாற்றவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில் குத்திய ஒரு பழைய பில்லில் அந்த நம்பர் இருக்கலாம்... தெரியாத ஆள் யார் எனக்குக் கோல் எடுத்தாலும் "எந்த ஊர்? ஆற்றை ஆள்?" என்றுதான் தொடங்குவேன்.

நேற்றும் ஒரு கோல். இன்சூரன்ஸ் போடச் சொல்லும் பிள்ளை.

"ஊர் ஏன் சேர்?" என்றாள்.

"சும்மா கேட்டனான் பிள்ளை" என்றேன்.